பதினெட்டாவது தூண்

அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். தெரியாமல் இல்லை, இனிஷியலோடு தெரியும். இணையத்தில் ஊர்ப்பட்ட பேர் சேர்ந்து சம்பளமில்லாமல் எழுதுகிற கலைக்களஞ்சியம் ஒன்று இருக்கிறதல்லவா, அதில் எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆளாளுக்கு ஒரு பயனர் பெயர் வைத்துக்கொண்டு எழுதலாம், திருத்தலாம், சண்டை போடலாம். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் ஆள் யாரென்று மட்டும் அடுத்தவர் வெளியே சொல்லக் கூடாது. அந்தக் கட்டுப்பாட்டை எனக்காக அவள் ஒருமுறை காப்பாற்றினாள். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. இப்போது என் முறை.

நான் அவளை ‘அம்மணி’ என்பேன். பாலக்காட்டுக்குக் கிழக்கே எங்கள் பக்கம் அப்படித்தான். அவள் என்னை ‘அண்ணாச்சி’ என்பாள். தெற்கத்திச் சீமையிலிருந்து இடுக்கி எஸ்டேட்டுக்குப் பிழைக்கப் போன குடும்பம் அவளுடையது. எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது, பாலக்காட்டுச் சித்தூருக்குப் பக்கத்தில் மாட்டுத் தீவனக் கடை. அவளுக்கு இருபத்தாறோ ஏழோ, வண்டன்மேட்டில் ஒரு சின்ன லேப்பில் ரத்தம், சிறுநீர் பரிசோதிக்கிற வேலை. நேரில் பார்த்தது ஒரே ஒரு நாள். மற்றதெல்லாம் போனும் பேச்சுப் பக்கமும்தான். பேச்சுப் பக்கம் என்றால், ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால், எழுதுகிறவர்கள் அடித்துக்கொள்வதற்கென்றே ஒதுக்கிய இடம்.

அவளைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால் அவளுடைய வார்த்தையே போதும்: “யாரு சொன்னா?”

பேச்சுப் பக்கத்தில் மரியாதையாக ‘சான்று தேவை’ என்று எழுதுவாள். போனில் ‘யாரு சொன்னா?’ இரண்டும் ஒன்றுதான். காந்தலூரைப் பற்றிய கட்டுரையில், அந்த ஊர்ப் பூண்டுக்குத் தனி வாசனை உண்டு என்று நான் ஒரு வரி சேர்த்திருந்தேன். அழித்துவிட்டாள். அதற்காகப் பதினோரு நாள் சண்டை. “நான் தின்னு பாத்தனுங்க அம்மணி!” என்று கத்தினேன். “நீங்க தின்னது சான்று ஆகாது அண்ணாச்சி. தின்னவுக யாராவது எழுதி, அது அச்சுல வந்திருக்கா?” என்றாள். அந்தச் சண்டையில்தான் சிநேகமானோம்.

கலைக்களஞ்சியத்துக்கு மட்டும் வைத்திருந்த குணமென்றால் பரவாயில்லை. அவளுக்கு அது ரத்தத்திலேயே இருந்தது. ஒருமுறை எஸ்டேட் மேனேஜருடைய டிரைவர் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து லேப் மேசைமேல் வைத்திருக்கிறார். பாட்டிலில் பெயர்ச் சீட்டு இல்லை.

“இது யாருது?”

“நம்ம மேனேஜர் சாருது.”

“யாரு சொன்னா?”

“நான்தான் சொல்லுதேன். நான்தானே கொண்டாந்தேன்!”

“நீங்க சொல்லுதீக. பாட்டில் சொல்லலையே.”

திருப்பி அனுப்பிவிட்டாள். லேப் முதலாளி பயந்துபோனார். மறுநாள் மேனேஜரே நேரில் வந்தாராம். பாட்டிலைச் சுற்றி வெள்ளைத்தாள் ஒட்டி, பெயர், பதவி, எஸ்டேட், தேதி, நேரம் எல்லாம் கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதியிருந்ததாம். “கடைசில கையெழுத்தும் போட்டிருந்தாரு அண்ணாச்சி!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இது அவளே சொன்னது. என்னிடம் வேறு சான்று இல்லை.

பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னால் வாங்கிக்கொள்ள மாட்டாள். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் ஹெட்மாஸ்டர் ஒரே தேதியைப் போட்டுவிட்டார் என்பது அவள் வழக்கு. வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே பிறந்தநாளாம். இவள் பெரியவளானதும் கோயிலுக்குப் போய், பங்குச்சாமியாரைப் பிடித்து, ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடி எடுத்துப் பார்த்திருக்கிறாள். அதில் ஞானஸ்நானம் கொடுத்த தேதி இருந்தது, பிறந்த தேதி எழுதுகிற இடம் காலியாக இருந்தது. “அன்னைக்கு நான் உசுரோட இருந்தேன். அதுக்கு மட்டும் சான்று இருக்கு,” என்றாள். அன்றிலிருந்து அந்த நாளில்தான் கேக் வெட்டுவாள்.

எப்போதும் அவள்தான் ஜெயித்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சாயங்காலம் வண்டன்மேட்டில் கட்டப்பனை பஸ் போய்விட்டது என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். “போனத நீங்க பாத்தீகளா?” என்று கேட்டிருக்கிறாள். அவர் பார்க்கவில்லை, நேரத்தை வைத்துச் சொன்னார். இவள் முக்கால் மணி நேரம் மழையில் நின்றாள். பஸ் நிஜமாகவே போய்விட்டிருந்தது. “போனது உண்மைதான். ஆனா அவுக குத்துமதிப்பாத்தானே சொன்னாக?” என்று தும்மிக்கொண்டே என்னிடம் வாதாடினாள். இப்படி ஒரு பிறவியை என்ன செய்வது, சொல்லுங்கள்!

இனி அந்த வீடு.

சித்தூரிலிருந்து கிழக்கே வயலும் தென்னையுமாகப் போகிற வழியில் எங்கள் கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு ஒன்று இருந்தது. நடுவில் மழை நேராக வந்து விழுகிற முற்றம், முற்றத்தைச் சுற்றிலும் மரத்தூண், ஆள் உள்ளே இறங்கி நெல் அள்ளுகிற பத்தாயம், யானை வந்தாலும் குனிய வேண்டாத வாசல். பாகப்பிரிவினையில் அது என் பெரியப்பா மகனுக்குப் போய்விட்டது. எனக்குக் கடையும் கடைக்குப் பின்னால் மட்டக் கூரை போட்ட ஒரு தார்சு வீடும். அண்ணன் கெட்டவரில்லை. ஆனால் யாரும் குடியில்லாத வீட்டை வைத்துக்கொண்டு கறையானுக்குத் தீனி போட அவருக்கு மனமில்லை. இடித்துவிட்டுத் தென்னை வைக்கப் போகிறேன் என்றார்.

“ஏனுங்ணா, அது சாதாரண ஊடுங்களா? விடுதலைப் போராட்டத் தலைவர் ஒருத்தர் ஒரு நாள் வந்து தங்கின ஊடுங்க! கலைக்களஞ்சியத்துலயே இருக்குதுங்க!” என்றேன். இருந்தது உண்மைதான். எழுதியவன் நான்தான். நாலு வருஷத்துக்கு முன்னால், அந்த வீட்டுக்காரன் என்று மூச்சுக் காட்டாமல், என் பயனர் பெயரில் ஒரு கட்டுரை எழுதி வைத்திருந்தேன். முற்றத்தில் பதினெட்டுத் தூண்கள், தலைவர் வந்து தங்கிய அறை, எல்லாம் அதில் உண்டு.

அண்ணன் சிரித்தார். “அத்தன பெரிய ஊடுன்னா அதுல மொதப் பக்கத்துல வருட்டும்டா தம்பி. வந்துருச்சுன்னா நான் கை வெக்க மாட்டேன். ஊரே பாக்க வர்ற ஊட்ட இடிக்க எனக்கென்ன கிறுக்கா? கார்த்திகை வரைக்கும் பாக்கறேன்.”

போதாதா! கலைக்களஞ்சியத்தின் முதற்பக்கத்தில் ஒரு கட்டுரை வர வேண்டுமென்றால் மற்ற தொகுப்பாளர்கள் அதைப் பிரித்து மேய்வார்கள். ஆதரவு, எதிர்ப்பு என்று வெளிப்படையாக எழுதுவார்கள். ஒருவர் எதிர்த்து, அந்த எதிர்ப்புக்குப் பதில் இல்லை என்றால் கட்டுரை வாசலோடு திரும்பிவிடும். அன்றைக்கே பரிந்துரைத்துவிட்டேன்.

விவாதம் நடந்த அந்த மூன்று வாரமும் நான் மனுஷனாக இல்லை. போன் ‘டிங்’ என்றால் தவிட்டு மூட்டையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவேன். கன்றுக்குட்டித் தீவனம் கேட்டவருக்குக் கோழித் தீவனம் கட்டிக் கொடுத்தேன். கல்பாத்தியில் ஓய்வாக இருக்கும் ஒரு பெரியவர், எங்களில் ரொம்ப மூத்தவர், போன் போட்டு “ரொம்ப நன்னா வந்திருக்கு ஓய், நான் ஆதரவு போட்டுட்டேன்” என்றார். எனக்கு ரெக்கை முளைத்துவிட்டது. இன்னும் மூன்று பேரும் ஆதரவு. அவள் ஒருத்திதான் பாக்கி.

வந்தாள். நாற்பத்தொரு கேள்வி!

வாசல் நிலை தேக்கு என்று யார் சொன்னது? பத்தாயத்தில் இத்தனை நெல் பிடிக்கும் என்று யார் அளந்தது? கொள்ளுத்தாத்தா கட்டினார் என்பதற்கு எந்தப் பத்திரம், எந்தப் பக்கம்? முதலில் எரிச்சலாக வந்தது. பிறகு எனக்கே வெறி பிடித்துவிட்டது. கடையை மைத்துனனிடம் விட்டுவிட்டு நூலகம், வில்லேஜ் ஆபீஸ், பழைய விழா மலர் வைத்திருப்பவர்கள் வீடு என்று பைக்கில் சுற்றினேன். ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டுவிழா மலரில், அந்தப் பள்ளியின் முதல் வகுப்பு எங்கள் வீட்டுப் பத்தாயத்தின் முன்னால்தான் நடந்தது என்று ஒரு வரி கிடைத்தது. அங்கேயே நின்று அவளுக்குப் போன் போட்டேன்.

“ஆத்தாடி!” என்று அந்தப் பக்கம் ஒரு கூச்சல். “பக்கம் சொல்லுங்க அண்ணாச்சி, பக்கம்!”

“பன்னண்டுங்க அம்மணி!”

“அச்சடிச்சவுக பேரு இருக்கா?”

“இருக்குதுங்க!”

“ஏசுவே! போட்டோ புடிங்க, போட்டோ புடிங்க!” லேப்பில் யாரோ ரத்தம் கொடுக்க வந்தவர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அந்தச் சந்தோஷம் எனக்கு வேறு யாரோடும் வாய்த்ததில்லை. பன்னிரண்டாம் பக்கத்துக்காக இரண்டு பேர் இரண்டு மலைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்றுகொண்டு குதிப்பதை வெளியாள் பார்த்தால் என்ன நினைப்பான்!

நாற்பத்தொன்றில் முப்பத்தொன்பது தீர்ந்தது. இரண்டு நின்றது. தூண்களின் எண்ணிக்கை, தலைவர் தங்கியது. இரண்டுக்கும் நான் கொடுத்த சான்று ஒன்றுதான். ஒரு செய்தித்தாளில் அந்த வீட்டைப் பற்றி அரைப்பக்கம் வந்திருந்தது. “பதினெட்டுத் தூண்கள் தாங்கும் வரலாறு” என்று பெரிய தலைப்பு. இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அவள் சரி என்று எழுதவில்லை. இரண்டு நாள் கழித்து, “பொள்ளாச்சில ஒரு கல்யாணத்துக்கு வாரேன் அண்ணாச்சி. மறுநாள் அந்த வீட்டப் பாக்கலாமா? வீட்டுக்காரவுகளத் தெரியும்னு சொன்னீகளே” என்றாள்.

குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று பயந்தேன். ஆனாலும் வரச் சொன்னேன். வண்டன்மேட்டிலிருந்து கம்பம் இறங்கி, தேனி, திண்டுக்கல், பழனி என்று பஸ் மாறி மாறிப் பொள்ளாச்சி வந்து, கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலை சித்தூரில் இறங்கினாள். குள்ளமான பெண். தோளில் ஒரு பை, பைக்குள் தண்ணீர் பாட்டில், அளவு டேப், பென்சில். தண்ணீர் பாட்டிலில்கூட அவள் பெயர் ஒட்டியிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் நின்று மேலே பார்த்தாள். “அழகா இருக்கு அண்ணாச்சி,” என்று மெதுவாகச் சொன்னாள். அதற்கு யார் சொன்னதென்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு ஒரு தூணைத் தொட்டு ‘ஒன்று’ என்றாள். சுற்றி வந்தாள். பதினேழு.

“பதினெட்டுங்க அம்மணி. மறுபடி எண்ணுங்க.”

மறுபடியும் பதினேழு. நான் எண்ணினேன். பதினெட்டு. பார்த்தாயா என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அவள் பையிலிருந்து லேப்பில் பாட்டிலுக்கு ஒட்டுகிற வெள்ளைச் சீட்டை எடுத்து, நான் தொடங்கிய தூணில் ஒட்டினாள். “இப்ப எண்ணுங்க.” எண்ணிக்கொண்டே வந்தேன். பதினேழு முடிந்து ‘பதினெட்டு’ என்று கை வைத்த தூணில் அந்தச் சீட்டு இருந்தது. தொடங்கிய தூணையே கடைசியிலும் எண்ணியிருக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னாலும் இதைத்தான் செய்திருக்கிறேன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரிங்க அம்மணி, பதினேழுன்னு மாத்திப்போடலாம்.”

“மாத்த முடியாது அண்ணாச்சி. நாம எண்ணுனது சான்று ஆகாது.” தூணில் சாய்ந்து நின்றுகொண்டே சொன்னாள். இரண்டு பேரும் பதினேழு தூணுக்கு நடுவில் நின்றுகொண்டு, பதினேழு என்று எழுத வழியில்லாமல் விழித்தோம். பிறகு அவள் முகம் மாறியது. “அண்ணாச்சி, பேப்பர்லயும் பதினெட்டுன்னுதானே போட்டிருக்காக? அவுக இங்க வந்து எண்ணியிருந்தா பதினேழுல்ல வந்திருக்கும்? நீங்க பண்ணுன அதே தப்ப அவுகளும் எப்படிப் பண்ணுவாக?”

நான் தூணையே தடவிக்கொண்டிருந்தேன்.

“உங்க கட்டுரை நாலு வருசத்துக்கு முன்னாடி. பேப்பர்ல வந்தது ரெண்டு வருசத்துக்கு முன்னாடி. அவுக வரவே இல்ல. உங்களப் பாத்து எழுதியிருக்காக. அதக் கொண்டாந்து நீங்க சான்றுன்னு போட்டிருக்கீக. தூண நீங்க சுத்தி வந்தாப்புல செய்தியும் சுத்தி வந்திருக்கு அண்ணாச்சி.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “அப்ப தலைவர் தங்குனது? உங்களுக்கு யாரு சொன்னா?” என்றாள்.

என் அப்பா சொன்னார். அப்பாவுக்கு அவர் அப்பா. இதைச் சொல்லாமல் நான் விழுங்கிக்கொண்டிருக்கும்போதுதான் அண்ணன் உள்ளே வந்தார். “ஏன்டா தம்பி, நம்ம ஊட்டப் பாக்கறதுக்கு ஆரோ வந்திருக்காங்கன்னாங்க, இந்தப் பொண்ணுதானா? வாங்க அம்மணி. எங்க தாத்தன் பொறந்த ஊடுங்க இது, எனக்கும் இவனுக்கும்.” பெருமையாகச் சொல்லிவிட்டு இளநீர் வெட்டச் சொல்லப் போனார்.

அவள் என்னையே பார்த்தாள். “உங்க வீட்டப் பத்தி நீங்களே எழுதிட்டு, யாரோ மாதிரி இருந்தீகளா?”

அது எங்கள் ஆட்களிடம் பெரிய தப்பு. தெரிந்தே செய்தேன். அவமானம் வந்தால் சிலருக்குத் தலை குனியும். எனக்கு வாய் நீளும். “இந்த ஊட்ட இடிக்கப் போறாங்க, தெரியுமுங்களா? மொதப் பக்கத்துல வந்தா இடிக்க மாட்டாங்க. ஒரு வரி, ஒரே ஒரு வரி கண்டுக்காம உட்டா உங்களுக்கு என்ன நட்டம்? லயத்துல பொறந்தவங்களுக்கு ஊடுன்னா என்னன்னு எப்படித் தெரியும்!”

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அந்த வார்த்தை முற்றத்திலேயே நின்றது. லயம் என்றால் எஸ்டேட்டில் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுக்கிற ஒற்றை அறை வீடுகள். வேலை முடிந்தால் காலி செய்துவிட வேண்டும்.

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. சீட்டைத் தூணிலிருந்து உரித்து எடுத்துக்கொண்டே சொன்னாள்: “பதினோராம் நம்பர் அண்ணாச்சி எங்க வீடு. நான் ஆறாப்பு படிக்கையில எங்க லயத்த இடிச்சாக. பாத்திரம் பண்டத்த வெளிய எடுத்து வச்சிட்டு நாங்க வரிசையா நின்னோம். இப்ப அங்க ஏலச்செடி நிக்குது. அங்க வீடு இருந்துச்சுன்னு சொல்ல ஒரு துண்டுத் தாளு கெடையாது. நான் தேடாத எடமில்ல. வீடுன்னா என்னன்னு எனக்குத் தெரியும்.”

இளநீரைக் குடித்துவிட்டு, அண்ணனுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்த வெட்கம் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

மறுநாள் பேச்சுப் பக்கத்தில் அவள் எழுதியது வந்தது. “எதிர்ப்பு. தலைவர் தங்கியதற்கும் தூண்களின் எண்ணிக்கைக்கும் தரப்பட்ட செய்தித்தாள் சான்று, இக்கட்டுரையிலிருந்தே எடுத்து எழுதப்பட்டது. இரு வரிகளையும் நீக்கியுள்ளேன்.” அவ்வளவுதான். தலைவர் தங்கிய வரி போனதும் முதற்பக்கத்துக்கு என்ன இருக்கிறது என்று மற்றவர்களும் தயங்கினார்கள். கல்பாத்திப் பெரியவர் வருத்தத்தோடு ஆதரவைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கட்டுரை வாசலோடு திரும்பியது. எதிர்ப்பு என்ற ஒரு வார்த்தையைத்தான் நான் பார்த்தேன். அவள் எழுதாமல் விட்ட வார்த்தையைப் பார்க்கவில்லை. இந்த ஆள் அந்த வீட்டுக்காரன், தன் வீட்டைப் பற்றித் தானே மறைந்து எழுதினான் என்று ஒரு வரி போட்டிருந்தால், நான் யாரென்று ஊருக்கே தெரிந்திருக்கும். என் பயனர் பெயர் நாறியிருக்கும். அதை அவள் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

கார்த்திகையில் ஜேசிபி வந்தது. ஒரே முற்பகல். தூண்கள் ஒன்றொன்றாகச் சாய்ந்ததை நின்று பார்த்தேன். எண்ணவும் செய்தேன். பதினேழுதான். இடிந்த மண்ணை டிராக்டரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். அந்தத் தூசிக்குள்ளேயே நின்று போனை எடுத்து, கட்டுரையின் கடைசியில் “இவ்வீடு தற்போது இடிக்கப்பட்டுவிட்டது” என்று ஒரு வரி சேர்த்தேன். உங்களால் போன வீடு, பாருங்கள் அம்மணி என்று ஆங்காரமாகத்தான் சேர்த்தேன்.

ஐந்து நிமிஷம் ஆகவில்லை. போன் ‘டிங்’ என்றது. அந்த வரியை நீக்கியிருந்தாள். குறிப்பு: சான்று தேவை.

என்னால் தாங்க முடியவில்லை. உடனே போன் போட்டேன். வீட்டுக்கு வந்துபோன பிறகு அப்போதுதான் பேசுகிறோம். “அம்மணி! நான் கண்ணால பாத்தனுங்க! இங்கதானுங்க நிக்கறேன்! தூசி இன்னும் மூக்குல இருக்குதுங்க! ஊடு இல்லீங்க! போயிருச்சுங்க!”

“யாரு சொன்னா அண்ணாச்சி?”

“நான் சொல்றனுங்க!”

“நீங்க சொன்னா ஆகாது. எதுலயாவது அச்சுல வந்திருக்கா?”

“இதப் போயி எவன் அச்சடிப்பான்!”

“அப்ப நிக்கட்டும்,” என்றாள். “யாராவது எழுதட்டும், அதுவரைக்கும் உங்க வீடு நிக்கட்டும் அண்ணாச்சி.”

டிராக்டர் சத்தத்தில் நான் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் அந்த மண்மேட்டின்மேல் உட்கார்ந்து, டிராக்டர்காரர் பார்க்கப் பார்க்க, சத்தம் போட்டு அழுதேன். அழுதுகொண்டே சிரிப்பும் வந்தது. “மன்னிச்சுக்கங்க அம்மணி, அன்னைக்கு லயம்னு சொன்னதுக்கு,” என்றேன். “எந்த லயம்? சான்று இருக்கா?” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

அவள் அந்தக் கலைக்களஞ்சியத்தில் கடைசியாகச் செய்த திருத்தம் அதுதான். அதற்கப்புறம் அவள் பெயரில் ஒரு எழுத்துக்கூட இல்லை. போன் எண்ணும் மாறிவிட்டது. கல்யாணமாகி வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்று கல்பாத்திப் பெரியவர் சொன்னார். அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. வருஷம் ஏழு ஓடிவிட்டது. வீடு இருந்த இடத்தில் அண்ணன் வைத்த தென்னை பாளை விட்டுவிட்டது. ஒரு செய்தித்தாளும் அந்த வீடு போனதை எழுதவில்லை. ஆகவே கலைக்களஞ்சியத்தில் சித்தூருக்குக் கிழக்கே அந்த வீடு இன்றைக்கும் இருக்கிறது. பன்னிரண்டாம் பக்கத்துச் சான்றோடு, பத்தாயத்தின் முன்னால் பிள்ளைகள் உட்கார்ந்து படித்த வரியோடு இருக்கிறது.

போன வாரம் புதிதாக ஒரு பயனர் வந்தார். “நேரில் சென்று பார்த்தேன். அங்கே வீடு எதுவும் இல்லை, தென்னந்தோப்புதான் உள்ளது” என்று சேர்த்திருந்தார். பாவம், நல்ல மனுஷர், வெயிலில் அலைந்திருப்பார். சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. கடையில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். குறிப்பு எழுதுகிற இடத்தில் முதலில் ‘யாரு சொன்னா?’ என்று அடித்தேன். பிறகு அழித்துவிட்டு, முறையாக ‘சான்று தேவை’ என்று அடித்து, வரியை நீக்கினேன்.

எங்கள் கலைக்களஞ்சியத்தில், ஒருவர் செய்த திருத்தம் பிடித்திருந்தால் நன்றி சொல்ல ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் திருத்தியவருக்கு மணிச் சின்னம் எரியும். மறுநாள் காலை கடையைத் திறந்து, சாமி படத்துக்குப் பத்தி கொளுத்திவிட்டுப் போனைப் பார்த்தேன். மணி எரிந்துகொண்டிருந்தது. தொட்டேன். நேற்றைய திருத்தத்துக்கு ஒரே ஒரு நன்றி. ஏழு வருஷமாகப் பேசாத அந்தப் பெயரிலிருந்து.

“ஐயோ!” என்று கத்தியே விட்டேன். புண்ணாக்கு வாங்க வந்து நின்றிருந்தவர் பதறிப்போனார். அன்றைக்கு அந்த வீட்டு மண்ணை அள்ளிக்கொண்டு போன அதே டிராக்டர்காரர்.

“என்னாச்சுங்க? கெட்ட சேதிங்களா?”

“இல்லீங்க! எங்க ஊடு இன்னும் நிக்குதுங்க!”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அந்த ஊட்டு மண்ண நாந்தானுங்க லோடு லோடா அடிச்சேன். நிக்குதுன்னு ஆரு சொன்னாங்க?”

“பேரு சொல்ல மாட்டனுங்க,” என்று சொல்லிவிட்டு அவருக்குப் புண்ணாக்கு நிறுக்கப் போனேன்.